வாசலுக்கு எதுக்குங்க காசு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த ரோம் பயணக் கட்டுரை படிச்சேன். போட்டோ எல்லாம் சூப்பர், கொலோசியம் பத்தி எழுதினதும் நல்லாவே இருந்துச்சு. ஆனா வத்திக்கான் செயின்ட் பீட்டர்ஸ் பேராலயம் வர்ற பக்கத்துல, கியூல நிக்காம நேரா உள்ள கூட்டிட்டுப் போற கைடு டூர் எடுத்தே ஆகணும், இல்லன்னா அங்க போறதே வேஸ்ட்டுங்கிற மாதிரி எழுதியிருந்தாங்க பாருங்க, அங்கதான் எனக்கு சுருக்குன்னுச்சு. இதைப் படிச்சிட்டு நம்மாளுங்க எத்தனை பேர் ஏஜென்ட் கையில பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டப் போறாங்களோன்னு நினைச்சேன், எழுதாம இருக்க முடியல.

முதல்ல, அந்தக் கோயிலுக்குள்ள போறதுக்கு டிக்கெட்டே கிடையாது. நம்ம ஊர்ல எந்த சர்ச்சுக்கும் எப்படிப் போறோமோ அப்படித்தான், ஃப்ரீ. இருக்கிற கியூ எல்லாம் சதுக்கத்துல நடக்கிற மெட்டல் டிடெக்டர் செக்கிங்குக்காக, அந்த செக்கிங்கை எந்த கைடு வந்தாலும் தாண்டிப் போக முடியாது, பையை மெஷின்ல போட்டு எடுத்துத்தான் ஆகணும். அப்ப "நோ கியூ"ன்னு போட்டு விக்கிறானே, அவன் எதை விக்கிறான்? நீங்களே யோசிங்க.

2022 மே 15 அன்னைக்கு தேவசகாயம் பிள்ளைக்கு போப் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தாருல்ல, அதுக்கு எங்க குமரி மாவட்டத்துல இருந்து நிறைய பேர் ரோமுக்குப் போனாங்க, எங்க நாத்தனாரும் ஒரு குரூப்போட போனா. விழா முடிஞ்ச மறுநாள் கோயில் உள்ள பார்க்கலாம்னு இவங்க ஏழெட்டு பேர் மட்டும் தனியா கிளம்பிப் போயிருக்காங்க. சதுக்கத்துக்கு வர்ற பெரிய ரோட்டுலயே, கையில குடை, கழுத்துல ஏதோ ஒரு அட்டை, நல்லா சிரிச்ச முகத்தோட ஒருத்தன் வந்து புடிச்சுக்கிட்டான். கியூ மூணு மணி நேரம் ஆகும், என்கூட வாங்க உடனே உள்ளன்னு சொல்லி தலைக்கு இவ்வளவுன்னு யூரோவா வாங்கிட்டு, கடைசில கொண்டுபோய் எல்லாரும் நிக்கிற அதே செக்கிங் கியூல நிப்பாட்டியிருக்கான். முக்கால் மணி நேரத்துல உள்ள போயிட்டாங்க, அவன் இல்லாம இருந்தாலும் அதே முக்கால் மணி நேரம்தான். உள்ள போனதும் பத்து நிமிஷம் கடகடன்னு ஏதோ சொல்லிட்டு ஆளு எஸ்கேப். போப் புதன்கிழமை காலையில மக்களைச் சந்திக்கிற நிகழ்ச்சிக்கான டிக்கெட்டும் ஃப்ரீதான், அதையும் வெளியில காசுக்கு விக்கிறவங்க உண்டு.

அதுக்காக கைடே வேணாம்னு நான் சொல்லலை. வாசலுக்குக் காசு கொடுக்காதீங்க, வாய்க்குக் கொடுங்கன்னு சொல்றேன். நல்லா விளக்கம் சொல்ற ஆள் கிடைச்சா அந்தக் கோயில் வேற மாதிரி தெரியும். என் மகன் மிலான்ல வேலை பார்க்கிறான், அங்க போயிருந்தப்ப ரோமுக்குக் கூட்டிட்டுப் போனான், கோயிலை மட்டும் காட்டுற சின்ன குரூப் டூர் ஒண்ணு புக் பண்ணியிருந்தான். அந்த கைடம்மா எங்களை சிற்பி பெர்னினி செஞ்ச வெண்கல மண்டபத்துக்குக் கீழ கொண்டுபோய் நிப்பாட்டினாங்க. பீடத்துக்கு மேல நாலு முறுக்குத் தூணோட கிட்டத்தட்ட 29 மீட்டர் உயரத்துக்கு நிக்குதே, அதுதான். எல்லாரும் அண்ணாந்து மேல பார்த்து போட்டோ எடுத்துக்கிட்டு இருக்காங்க. இவங்க மட்டும் "கீழ பாருங்க"ன்னாங்க. தூண் நிக்கிற மார்பிள் அடித்தளத்துல எட்டு கேடயம் செதுக்கியிருக்கு, மூணு தேனீ போட்ட கேடயம், அது போப் எட்டாம் உர்பானோட பார்பெரினி குடும்பச் சின்னம். ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு பொம்பளை முகம். வரிசையா சுத்தி வந்து பார்த்தா அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமா மாறுது, வலியில சுருங்குது, வாய் திறக்குது, எட்டாவது கேடயத்துல பொம்பளை முகமே இல்லை, ஒரு கொழுகொழு குழந்தை முகம்! பிரசவத்தை அப்படியே கல்லுல வச்சிருக்காங்க, அதுவும் போப் பலிபூசை வைக்கிற பீடத்தைச் சுத்தி. நான் ரெண்டு பெத்தவ, எனக்கு அப்படியே சிலிர்த்துப்போச்சு. ஆள் சொல்லாம இருந்தா சத்தியமா நான் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

அதே மாதிரி சுவத்துல இருக்கிற பெரிய பெரிய பெயிண்டிங் எல்லாம் பெயிண்டிங்கே இல்லை, கிட்டத்தட்ட அத்தனையும் மொசைக், சின்னச் சின்ன கண்ணாடித் துண்டு. ஓவியர் ரஃபேலோட கடைசிப் படம், இயேசு உருமாறுற காட்சி, அதோட மொசைக் காப்பிதான் கோயில்ல, ஒரிஜினல் வத்திக்கான் மியூசியத்துல இருக்கு. மைக்கேலாஞ்சலோவோட பியெத்தா, அதாவது இறந்த இயேசுவை மாதா மடியில ஏந்தியிருக்கிற சிலை, உள்ள நுழைஞ்சதும் வலது பக்கம் முதல்ல, 1972ல ஒருத்தன் சுத்தியல் எடுத்து அடிச்சதுக்கு அப்புறம் கண்ணாடிக்குப் பின்னாடி வச்சிட்டாங்க. மாதா நெஞ்சுக்குக் குறுக்க போற பட்டையில அவர் தன் பேரைச் செதுக்கியிருக்காரு, கூட்டத்துக்கு நடுவுல நின்னு அதைக் கண்டுபிடிக்கவே ஒரு ஆள் சொல்லணும்.

உங்க கட்டுரையில சொன்ன மியூசியம், மைக்கேலாஞ்சலோ கூரையில படம் வரைஞ்ச சிஸ்டைன் சேப்பல், கோயில் மூணும் சேர்த்த டூருக்கு வர்றேன். இதுல மியூசியம், சேப்பலுக்கு நிஜமாவே டிக்கெட் உண்டு, முன்னாடியே எடுத்து வைக்கிறது நல்லது, அது சரி. ஆனா சேப்பலுக்குள்ள கைடு பேசக்கூடாது, அமைதியா இருக்கச் சொல்வாங்க, போட்டோவும் கூடாது. அதனால வெளிய முற்றத்துல போர்டு முன்னாடி நிப்பாட்டி கூரைப் படம் முழுக்க முன்கூட்டியே சொல்லி முடிச்சிருவாங்க, அந்த நேரத்துல நீங்க பாத்ரூம் எங்கன்னு தேடிக்கிட்டு இருந்தா போச்சு. அப்புறம் மூணு மணி நேரம் நடந்து களைச்சுப்போய் கோயிலுக்கு வரும்போது யாருக்கும் தெம்பு இருக்காது, கைடும் பத்து பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சிருவாரு. சேப்பல்ல இருந்து கோயிலுக்கு நேரா ஒரு வழி இருக்கு, கைடு குரூப்பை அதுல விடுவாங்கன்னு சொல்லி விக்கிறாங்க, ஆனா அது எப்ப மூடுவாங்கன்னு நம்பிச் சொல்ல முடியாது. மூடியிருந்தா வெளிய வந்து மதில் சுத்தி நல்ல நடை நடந்து மறுபடியும் செக்கிங் கியூதான். புக் பண்ணும்போதே கேளுங்க, வழி மூடியிருந்தா என்ன பண்ணுவீங்க, கோயிலுக்குள்ள எவ்வளவு நேரம், குரூப்ல எத்தனை பேர்னு. பதில் வழவழன்னு வந்தா விட்டுருங்க. வயசானவங்களோட போறீங்கன்னா ரெண்டையும் ரெண்டு நாளா பிரிச்சிருங்க, என் அபிப்ராயம் அதுதான்.

கட்டுரையில ஒரு வரி கூட இல்லாத டூர் ஒண்ணு இருக்கு, எனக்கு வருத்தமே அதுதான். கோயிலுக்கு அடியில பழைய ரோமானிய இடுகாடு இருக்கு, கல்லறை வீடுங்க வரிசையா தெரு மாதிரி. நாலாம் நூற்றாண்டுல கான்ஸ்டன்டைன் மன்னன் அதை மண் போட்டு மூடித்தான் மேல முதல் கோயிலைக் கட்டினாரு, அந்தக் கோயிலையும் இடிச்சிட்டு 1506ல ஆரம்பிச்சதுதான் இப்ப நிக்கிறது. 1940கள்ல பன்னிரண்டாம் பயஸ் போப்பா இருந்தப்ப தோண்டி, ராயப்பர், அதாவது செயின்ட் பீட்டர், அவரோட கல்லறைன்னு நம்புற இடத்தைக் கண்டுபிடிச்சாங்க, அது நேரா பீடத்துக்குக் கீழயே வருது. அங்க கைடு இல்லாம போகவே முடியாது, ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு பேரைத்தான் விடுறாங்க, வத்திக்கானோட அகழாய்வு ஆபீஸுக்கே நேரடியா எழுதி பேர், தேதி, மொழி எல்லாம் சொல்லிக் கேக்கணும், மாசக்கணக்கா முன்னாடியே கேட்டு வைக்கணும். சின்னப் பிள்ளைங்களுக்கு அனுமதி இல்லை, போட்டோ கூடாது, உள்ள புழுக்கமா ஒடுக்கமா இருக்கும், மூடின இடம்னா பயப்படுறவங்க வேண்டாம். கைடுக்குன்னு ஒரே ஒரு தடவைதான் காசு செலவு பண்ண முடியும்னா நான் கண்ணை மூடிக்கிட்டு இதுக்குத்தான் கொடுப்பேன்.

மத்தபடி சின்ன விஷயங்கள். காலையில ஏழு மணிக்கே கோயிலைத் திறந்துடுறாங்க, அந்த நேரத்துக்குப் போனா கியூ பிரச்சனையே பெருசா வராது. புதன்கிழமை காலையில போப் நிகழ்ச்சி இருக்கும், அப்ப போகாதீங்க. தோளும் முழங்காலும் மூடியிருக்கணும், நம்ம சுடிதாருக்கும் சேலைக்கும் எந்தப் பிரச்சனையும் இல்லை, அரை டிராயரோட வர்ற பசங்களைத்தான் திருப்பி அனுப்புவாங்க.

கடைசியா ஒரு திருத்தம், இதை மட்டுமாவது அடுத்த இதழ்ல போட்டுருங்க. கோபுர உச்சிக்கு லிப்ட் இருக்கு, அதனால பெரியவங்களும் ஈஸியா போகலாம்னு கட்டம் கட்டிப் போட்டிருந்தீங்க. லிப்ட் பாதி வழிக்குத்தான். மொத்தம் 551 படி, லிப்ட்ல போனாலும் அதுக்கு மேல 320 படி கால்லதான் ஏறணும், மேல போகப்போக சுவரு சாய்ஞ்சுக்கிட்டே வந்து ஒரு ஆள் மட்டும் போற அளவுக்கு ஒடுக்கம், நடுவுல முடியலன்னு திரும்பி இறங்கவும் வழி கிடையாது. மூட்டுவலி இருக்கிற யாராவது உங்க கட்டத்தை நம்பி டிக்கெட் எடுத்துடப் போறாங்க.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
நாகர்கோவில்.