அறிகுறிப் பட்டியலில் அடங்காத நோய்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரிய நோய்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை உபயோகமாகத்தான் இருந்தது, ஆனால் ஒவ்வொரு நோய்க்கும் கீழே 'அறிகுறிகள்' என்று நாலு வரி போட்டு முடித்துவிட்டீர்கள். அந்த நாலும் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் யாருக்கும் குழப்பமே இருக்காதே!

வில்சன் நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். 1912இலேயே கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் மருத்துவர் விவரித்துவிட்டார். சாப்பாட்டில் வரும் தாமிரத்தைப் பித்தநீர் வழியாக வெளியேற்ற முடியாமல் அது ஈரலிலும் மூளையிலும் தேங்கிவிடுகிறது, கோளாறு அவ்வளவுதான். ஆனால் ஒருவருக்கு அது மஞ்சள் காமாலையாக வரும், இன்னொருவருக்குக் கை நடுங்கிப் பேச்சு குழறும், வேறு சிலருக்கோ வெறும் கோபமும் படிப்பில் சரிவுமாகத் தொடங்கி நேராக மனநல மருத்துவரிடம் கொண்டுபோய் நிறுத்தும்.

இந்த நோய் வந்த என் தம்பிக்கு முதலில் மாறியது கையெழுத்து. வரியின் தொடக்கத்தில் ஒழுங்காக இருக்கும் எழுத்து, கடைசிக்குப் போவதற்குள் எறும்பு மாதிரி சிறுத்துவிடும். வயசுக் கோளாறு என்றார்கள். அப்புறம் கோபத்துக்குக் கொடுத்த மாத்திரையில் உடம்பே விறைத்துப்போனது, வில்சன் நோயாளிகளுக்கு அந்த வகை மருந்துகள் சரிப்படாது என்பது பிறகுதான் தெரிந்தது. கடைசியில் ஒரு கண் மருத்துவர் ஸ்லிட் லேம்ப் என்ற விளக்குடன் கூடிய நுண்ணோக்கியில் பார்த்து, கருவிழி ஓரத்தில் பழுப்பும் பச்சையுமாக ஒரு வளையம் இருக்கிறதே என்றார். ரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரம் எல்லாம் பார்த்து உறுதியானது. முதலில் பார்த்த டாக்டர்களைக் குறை சொல்லவில்லை, ஏறக்குறைய 30,000 பேரில் ஒருவருக்கு வருவதை யார்தான் உடனே நினைப்பார்கள்? அந்த வளையத்தையும் முழுசாக நம்ப முடியாது, ஈரல் மட்டும் பாதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு அது இருப்பதில்லை.

ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருளை உடல் தயாரிப்பதில் கோளாறு வரும் போர்பிரியாவும் இப்படித்தான். தாங்க முடியாத வயிற்றுவலி என்று குடல்வால் அறுவைச் சிகிச்சை வரைக்கும் போனவர்கள் உண்டு. எடுத்துவைத்த சிறுநீர் வெளிச்சத்தில் கருத்துப்போவதைக் கவனித்தாலே சந்தேகம் வந்திருக்கும்.

அதனால் அடுத்த முறை பட்டியலைக் குறைத்துக்கொண்டு, எதைப் பார்த்து டாக்டருக்குச் சந்தேகம் வந்தது என்று ஒவ்வொரு நோயாளியின் கதையாக எழுதுங்கள். கூடவே இன்னொன்றும்: வில்சன் உறுதியானால் கூடப்பிறந்தவர்களையும் கட்டாயம் சோதிக்க வேண்டும், அவர்களுக்கு இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு, எந்தத் தொந்தரவும் தெரியாதபோதே மருந்தைத் தொடங்கினால் நோய் தலைகாட்டாமலே தடுத்துவிடலாம். உங்கள் கட்டுரையில் அது ஒரு வரிகூட இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்