ஒரு படிவமும் ஒரு கதவும்

அன்புடையீர்,

நன்றி மடலில் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று உங்களில் பாதிப் பேர் சொல்லிவிட்டீர்கள். மீதிப் பேரிடம் நான் கேட்கவே இல்லை. அதனால் எல்லாரும் இங்கே பெயரில்லாமல்தான் வருகிறீர்கள். அவரவருக்கு அவரவரைத் தெரியும்.

சிங்கப்பூரில் எங்கள் பல்கலைக்கழக மாணவர் மன்றத்தின் நலப்பிரிவுச் செயலாளர் பொறுப்பை இந்த வாரம் ஒப்படைக்கிறேன். ஒன்றரை ஆண்டில் நடந்தவை இரண்டு. மாணவர்களுக்கான மனநல ஆலோசனை நிலையம் இனி வாரத்தில் இரண்டு நாள் இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும். ஆலோசனை பெறப் பெற்றோர் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவம் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் கிடைக்கும். இதற்கா இவ்வளவு காலம் என்று என் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி.

எல்லாவற்றுக்கும் முதல் நன்றி ஒரு முதலாமாண்டு மாணவிக்கு. அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். ஒருநாள் மாலை மன்ற அறைக்கு வந்து, மூன்று வாரமாகப் பையில் கிடந்து கசங்கிய படிவத்தை மேசைமேல் வைத்தாள். வயது 19. இங்கே 21 ஆகாதவர் வீட்டில் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்பது எங்கள் நிலையத்தின் விதி. அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே வாசிக்க வரும். “என்னைப் பத்தி அம்மாகிட்ட நானே மொழிபெயர்த்துச் சொல்லணுமாக்கா?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

அதுவரை எனக்கு உறைக்காத ஒன்றும் அன்றுதான் உறைத்தது. பையன்கள் பெரும்பாலும் ஆண்களுக்குக் கட்டாயமான இரண்டாண்டு தேசிய சேவையை முடித்துவிட்டு வருகிறார்கள். சேர்ந்த கொஞ்ச காலத்தில் 21 ஆகிவிடும். பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடைப்பட்ட தொடக்கக் கல்லூரியிலிருந்து நேரே வரும் பெண்களுக்குத்தான் இந்தக் காகிதம் இரண்டாண்டு குறுக்கே நிற்கிறது. விதி எழுதியவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். நாங்களும் நினைக்கவில்லையே.

படிவத்தையும் நிலையத்தின் நேரத்தையும் மாற்றச் சொல்லி முதலில் நாங்கள் செய்ததெல்லாம் சத்தம். மனு, சுவரொட்டி, நீளமான மின்னஞ்சல். “பரிசீலிக்கிறோம்” என்று பதில் வரும். அப்போது ஓர் ஆலோசகர் தனியாகக் கூப்பிட்டு, “கோபத்தை விட்டுட்டுக் கணக்கைக் கொண்டுவாங்க. கதவு சாத்தின பிறகு எத்தனை பேர் வர்றாங்கன்னு யாருக்குமே தெரியாது” என்றார். அவருக்கு நன்றி. நான்கு வாரம் முறைவைத்து, ஐந்தரையிலிருந்து ஏழரைவரை அந்தப் பூட்டிய கதவுக்கு எதிரே உட்கார்ந்து தாளில் கோடு போட்ட தொண்டூழியர்களுக்கும் நன்றி. ஆய்வுக்கூட வகுப்பு ஆறு மணிக்கு முடிந்து ஓடிவந்தவர்களும், பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் படிப்பவர்களும் அந்தக் கோடுகளில் இருக்கிறார்கள்.

அந்த மாடியைத் துப்புரவு செய்யும் அன்ட்டி இல்லாவிட்டால் அந்தக் கணக்கும் தப்பாகியிருக்கும். இரண்டாம் நாளே வாளியை வைத்துவிட்டு வந்து சொன்னார்: “பாப்பா, கதவு முன்னாடி உட்காராதே. வர்றவங்க உன்னைப் பாத்துட்டுத் திரும்பிப் போறாங்க. படிக்கட்டுப் பக்கம் போ.” போனோம். அன்றிலிருந்து தாளில் கோடுகள் கூடின.

மொழிபெயர்ப்பு வேலை தேக்கா நிலையத்தின் உணவங்காடியில் நடந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஞாயிறுதோறும் தே தாரிக்கும் சிவப்புப் பேனாவுமாக வந்துவிடுவார். நான் ‘சம்மதம்’ என்று எழுதியிருந்தேன். பக்கத்து மேசை அம்மா ஒருவரிடம் வாசித்துக் காட்டியபோது, “யாருக்குக் கல்யாணம்?” என்றார். ஐயா ஒன்றும் சொல்லாமல் அதை அடித்து ‘ஒப்புதல்’ என்று போட்டார். ‘மனநலம்’ என்ற சொல்லுக்கு மட்டும் இரண்டு ஞாயிறு போயின. வைத்தால் அம்மாக்கள் பயப்படுவார்கள் என்றேன். ஒளித்துவைத்தால்தான் பயம் வளரும் என்றார் அவர். அவர் கட்சியே ஜெயித்தது.

அதே அம்மா இன்னொன்றும் கேட்டார்: பிள்ளை ஏதாவது செய்துகொள்ளப் பார்த்ததாகச் சொன்னால் போலீஸ் பிடிக்குமா? தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் குற்றமில்லை. வீடுகளில் இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. தமிழ்ப் படிவத்தின் கீழே அந்த ஒரு வரி இருப்பதற்குக் காரணம் அவர்தான். அவர் யாரென்றுகூட எங்களுக்குத் தெரியாது.

மலாய், சீனப் படிவங்களைத் தங்கள் பாட்டிமாரிடம் வாசித்துக் காட்டிச் சரிபார்த்த நண்பர்கள், கூட்டத்துக்கு அறை தந்த தமிழ்ப் பேரவையினர், தேர்வுக்கு முந்திய வாசிப்பு வாரத்தில்கூட என் தொலைபேசியை எடுத்த நிர்வாக அலுவலர் (ஆரம்பத்தில் உங்களை நிறையத் திட்டியிருக்கிறேன், மன்னிக்கவும்) எல்லாருக்கும் நன்றி.

அடுத்து வருபவருக்கு ஒரு வார்த்தை. சனிக்கிழமைச் சேவை இன்னும் கிடைக்கவில்லை. கோடு போட்ட தாள்கள் நீலக் கோப்பில், மன்ற அறையின் இரண்டாவது அலமாரியில் இருக்கின்றன. நிலையம் மூடிய நேரத்தில் அழைக்க, 24 மணி நேரமும் இயங்கும் 1767, 1771 என்ற மனநல உதவி எண்களைக் கதவில் ஒட்டியிருக்கிறோம். அந்த ஒட்டுத்தாள் மழைச்சாரலில் அடிக்கடி உரிந்துவிடும். அன்ட்டியிடம் உபரித் தாள்கள் இருக்கின்றன, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐயா, உங்கள் சிவப்புப் பேனா என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.