பின் சக்கர பிரேக் பேட் மாற்ற உங்கள் அனுமதி எதற்கு?

கார் நிறுவனங்களை நடத்துபவர்களுக்கும், அவற்றின் சர்வீஸ் பிரிவுகளில் முடிவெடுப்பவர்களுக்கும்,

வணக்கம். சொந்தக் காரைத் தன் கையாலேயே பார்த்துக்கொள்ளும் பலரில் நானும் ஒருவன். எங்கள் காரை நாங்களே பழுது பார்க்க விடுங்கள் என்று நாங்கள் கேட்பது உங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அண்மையில் நடந்ததற்குப் பிறகு மறுபடியும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

என் காரின் பின் சக்கர பிரேக் பேட், அதாவது டிஸ்க்கை உரசி வண்டியை நிறுத்தும் கட்டை, தேய்ந்துவிட்டது. பழைய காராக இருந்தால் சக்கரத்தைக் கழற்றி, பேடை அழுத்திப் பிடிக்கும் காலிபரின் போல்ட்டை எடுத்து, அதற்குள் இருக்கும் பிஸ்டனைத் திருகி உள்ளே தள்ளிவிட்டுப் புது பேடைப் போட வேண்டியதுதான். இப்போது வருவது எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக், அதாவது பட்டனில் இயங்கும் ஹேண்ட்பிரேக். காலிபரின் பின்னால் இருக்கும் சின்ன மோட்டார்தான் பிஸ்டனைப் பிடித்து வைத்திருக்கிறது, அதைப் பின்னுக்கு இழுக்கச் சொல்லி காரின் கம்ப்யூட்டருக்குக் கட்டளை போக வேண்டும், கிளாம்ப் போட்டு அழுத்தினால் உள்ளே இருக்கும் திருகோ மோட்டாரோ கெட்டுப்போகும். சரி, அதற்குத்தானே காரின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் கருவி வைத்திருக்கிறேன் என்று மாட்டினேன். கோளாறுக் குறியீடுகளை எல்லாம் ஒழுங்காகப் படித்தது. பிஸ்டனை இழுக்கச் சொன்னதும் கார் மறுத்துவிட்டது: அங்கீகரிக்கப்பட்ட பட்டறையின் லாகின் வேண்டுமாம்.

தேய்ந்த பேடையே திரும்ப மாட்டினேன். பட்டறையில் உடனே நேரம் கிடைக்கவில்லை. அதுவரை வீட்டில் எல்லோரும் அதே பிரேக்கை நம்பித்தான் போய் வந்தார்கள். புது பேட் டிக்கியில் பெட்டியோடு கிடந்தது. பாதுகாப்புக்காகத்தான் பூட்டுகிறோம் என்று சொல்கிறீர்களே, இதில் யாருடைய பாதுகாப்பு காப்பாற்றப்பட்டது?

முடியாத விஷயம் என்றால் புரிந்துகொள்வேன். சில கார்களில் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டு பார்க்கிங் பிரேக் பட்டனை அழுத்தினாலே, பேட் மாற்றுவதற்காகப் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கும் சர்வீஸ் மோடு வந்துவிடுகிறது, ஸ்கேனர்கூட வேண்டாம். உங்களில் சிலர் செய்திருப்பதை மற்றவர்கள் ஏன் செய்யக்கூடாது?

திறந்துவிட்டால் ஹேக்கர்கள் நுழைவார்கள் என்பீர்கள். 2015இல் ஜீப் செரோக்கி காரை ஆராய்ச்சியாளர்கள் தூரத்திலிருந்தே கட்டுப்படுத்திக் காட்டினார்கள், 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அவர்கள் உள்ளே போனது செல்போன் நெட்வொர்க் வழியாக. அந்தக் கதவை அடைப்பது உங்கள் வேலை. ஜாக்கி வைத்துத் தூக்கிய காருக்குப் பக்கத்தில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருக்கிற ஆளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்காவில் 1996 மாடல் முதல் ஸ்கேனரை மாட்டும் ஓபிடி-2 போர்ட் கட்டாயமானது புகைக் கட்டுப்பாட்டுக்காகத்தான். ஆனாலும் அதனால்தான் யார் வேண்டுமானாலும் காரின் கோளாறைப் படிக்க முடிந்தது. இன்று அதே போர்ட்டுக்கு முன்னால் பூட்டு மாட்டுகிறீர்கள். 2020இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நான்கில் மூன்று பங்கு வாக்காளர்கள் பழுது பார்க்கும் உரிமைக்கு ஆதரவாக வாக்களித்தார்கள், உங்கள் சங்கம் உடனே வழக்குப் போட்டது. சில கார்களில் பேட்டரி மாற்றினால் அதையும் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும், இல்லையென்றால் கார் பழைய பேட்டரி என்றே நினைத்துச் சார்ஜ் செய்யும். சில கார்களில் ஹெட்லைட்டை மாற்றினால் அதைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்தும் கோடிங் வேண்டும். 2022இல் பிஎம்டபிள்யூ சில நாடுகளில், காரிலேயே பொருத்தி விற்ற சீட் ஹீட்டருக்கு மாதச் சந்தா கேட்டது, எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2023இல் விட்டது. காசு கொடுத்து வாங்கிய பொருள் யாருடையது என்ற அடிப்படைக் கேள்வியையே நீங்கள் குழப்புகிறீர்கள், எங்களுக்குக் கோபம் வருவது அதனால்தான்.

மன்னிக்கவும், கேட்க வந்ததற்கு வருகிறேன். ஏர்பேக்கைத் தொட வேண்டும் என்றோ, புகை வடிகட்டியைப் பிடுங்க வேண்டும் என்றோ நான் கேட்கவில்லை. அப்படிச் செய்பவர்களோடு எங்களைச் சேர்க்காதீர்கள். சஸ்பென்ஷன் மாற்றுகிறவனும் நல்ல பிரேக் டிஸ்க் தேடிப் போடுகிறவனும் தன் காரை உங்கள் பட்டறையைவிடக் கவனமாகப் பார்த்துக்கொள்கிறவன். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஒரு சக்கர நட்டைக்கூட இறுக்கமாட்டான்.

எனவே தயவுசெய்து, பிரேக், பேட்டரி, விளக்கு போன்ற அன்றாடப் பராமரிப்புக்கான கட்டளைகளை உரிமையாளருக்குத் திறந்துவிடுங்கள். சர்வீஸ் மேனுவலை நியாயமான விலைக்குக் கொடுங்கள், எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது ரகசியமாக இருக்கக் கூடாது. காரின் பதிவு என் பெயரில்தான் இருக்கிறது என்று சரிபார்த்துவிட்டு லாகின் கொடுத்தாலும் சரி, ஏற்றுக்கொள்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்றால் பிரேக் சர்வீஸ் மோடிலிருந்து தொடங்குங்கள். அடுத்த சாஃப்ட்வேர் அப்டேட்டிலேயே அதைத் திரையில் ஒரு மெனுவாகச் சேர்த்துவிடுங்கள்.