நாலு பேர் முன்னால் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிள்ளை வளர்ப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நேரத்துக்குத் தூங்க வைப்பது, செல்போனைக் குறைப்பது எல்லாம் சரி. நீடாமங்கலம் பக்கத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான், அதில் விட்டுப்போன ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் பந்தி முடிந்து உட்கார்ந்ததும் பேச்சு பிள்ளைகள் மேல்தான் திரும்புகிறது. "பெரியவ நல்லா படிப்பா, இவன்தான் மக்கு, ஒண்ணுக்கும் உதவமாட்டான்" என்று அம்மாவே சொல்வார், அந்தப் பையன் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பான். அவனுக்குக் காது கேட்கும் என்பதே யாருக்கும் தோன்றுவதில்லை. அப்படிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளை வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். விடை தெரிந்தாலும் கை தூக்கமாட்டார்கள், அல்லது எப்படியும் கெட்ட பெயர்தான் என்று பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டை உடைப்பார்கள். பயமும் சேட்டையும் பல நேரம் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

பள்ளியில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் சொல்கிறது. அடிப்பதோடு சேர்த்து மனத்தைத் துன்புறுத்துவதையும் அதே பிரிவு தடை செய்திருக்கிறது. ஆசிரியர் சொல்லக் கூடாத அதே வார்த்தையைப் பெற்றவர்கள் வீட்டில் தினமும் சொல்கிறோம், கேட்க ஆளில்லை.

புகழ்ச்சியிலும் கவனம் வேண்டும், இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றும் சிலரிடம் "நல்லா உழைச்சிருக்கே" என்றும் சொன்னார்கள். அடுத்து கடினமான புதிர் வந்து தோற்றபோது, புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்கள் சீக்கிரம் சோர்ந்துபோனார்கள், மறுபடி சுலபமானதைக் கொடுத்தும் முன்பு செய்த அளவுக்குச் செய்ய முடியவில்லை. தாங்கள் வாங்கிய மதிப்பெண்ணை முகம் தெரியாத வேறு பிள்ளைகளுக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்களில் பத்துக்கு ஏறக்குறைய நான்கு பேர் கூட்டி எழுதினார்கள். உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்களில் அப்படிச் செய்தவர்கள் மிகக் குறைவு. யோசித்துப் பாருங்கள், நாம் ஆசையாகச் சொல்லும் ஒரு பட்டம் பிள்ளையைப் பொய் சொல்லும் இடத்துக்குத் தள்ளிவிடுகிறது. அந்தப் பட்டத்தைக் காப்பாற்றியாக வேண்டுமே!

அப்புறம் எதைத்தான் சொல்வது என்று கேட்பீர்கள். பிள்ளை செய்ததைச் சொல்லுங்கள், போதும். அதற்கு முதலில் செய்ய ஏதாவது கொடுக்க வேண்டும். சம்பா அறுப்பு முடிந்த சமயம், கொள்முதல் நிலையத்தில் ஒரு விவசாயி தன் ஆறாம் வகுப்பு மகனிடம் நோட்டைக் கொடுத்து, எடை போடுகிற நாற்பது கிலோ மூட்டைகளை எண்ணி எழுதச் சொன்னதைப் பார்த்தேன். பையன் நடுவில் ஒரு வரியைத் தப்பாக எழுதிவிட்டு முழித்தான். அப்பா சத்தம் போடவில்லை, தனியாகக் கூட்டிப்போய் "தம்பி, இந்த வரியை மட்டும் திரும்ப எண்ணிப் பாரு" என்றார். வேலை முடிந்ததும் அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னைக்குக் கணக்கு முழுக்க இவன்தான் எழுதினான், தப்பையும் அவனே திருத்திட்டான்" என்றார். பையன் நிமிர்ந்து நின்ற அழகை எழுத எனக்குத் தெரியவில்லை. திருத்தம் தனியாக, பாராட்டு ஊரறிய, அதுவும் நடந்ததை நடந்தபடி. எனக்குத் தெரிந்து இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது.

நிலம் இல்லாத வீட்டிலும் கொடுக்க வேலை உண்டு. மளிகைக் கடைக்கு அனுப்பி மீதிச் சில்லறையைக் கணக்குச் சொல்லச் சொல்லலாம், தம்பி தங்கையின் பையை அடுக்கச் சொல்லலாம். கோணல்மாணலாகச் செய்தாலும் அவர்கள் கண்ணெதிரே நீங்கள் திரும்பச் செய்யாதீர்கள். "ஓடாதே, கத்தாதே" என்பதைவிட "மெல்ல நடந்து வா பாப்பா" என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் புரிகிறது. வாக்குக் கொடுத்தால் நிறைவேற்றுங்கள், முடியாது என்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது. ஊருக்குள் மட்டும் அது நிற்கவில்லை. முடிவு வந்த அன்று திண்ணைக்குத் திண்ணை பிள்ளைகளை நிற்க வைத்து "எவ்வளவு, எவ்வளவு" என்று கேட்கிறார்கள், குறைவாக எடுத்த பிள்ளை கொல்லைப்பக்கம் போய் ஒளிகிறது. அந்த வாரத்து இதழில் பெற்றோருக்காக அரைப்பக்கம் ஒதுக்கி, அன்றைக்கு வீட்டில் பிள்ளையிடம் என்ன பேசலாம், உறவினர் கேட்டால் என்ன பதில் சொல்லலாம் என்று அனுபவமுள்ள ஆசிரியர்களையும் மனநல மருத்துவர்களையும் எழுதச் சொல்லுங்கள். முடிவு வருவதற்கு முன்பே வந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.