கல் கொத்தியவருக்கும் மிளகாய் கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் தமிழ்மொழிக் கழகத்தின் சார்பில் இந்த நன்றி மடலை எழுதுகிறேன். கடலுக்கு அக்கரையில், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய அரவை மில் ஒன்றுக்கு, பொங்கல் தொடங்கி தீபாவளி வரை, பருவத்துக்குப் பருவம் எங்கள் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். அவர்கள் வரைந்த படங்கள், எழுதிய குறிப்புகள், பதிவுசெய்த ஒலிகள் எல்லாம் பள்ளி மண்டபத்தில் கண்காட்சியாயின. பெற்றோரும் ஊராரும் வந்து பார்த்து வாய்நிறையப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு யார் யாருக்குச் சேரவேண்டுமோ அவர்களிடம் அதைச் சேர்ப்பிக்கத்தான் இந்த மடல்.

முதல் நன்றி மில் உரிமையாளர் அண்ணனுக்கு. "பேரெல்லாம் போடவேண்டாம் டீச்சர், வர்றவங்களுக்கு இடம் தெரியும்" என்று அவர் கேட்டுக்கொண்டதால் கடையின் பெயரை எழுதவில்லை. வேலை நேரத்தில் இருபது பிள்ளைகளை உள்ளே விடுவது எந்த மில்காரருக்கும் தொல்லைதான். ஓடும் பெல்ட்டுக்கு முன்னால் கயிறு கட்டி, "இந்தக் கயிற்றைத் தாண்டக் கூடாது, மற்றபடி எதை வேண்டுமானாலும் கேள்" என்று சொல்லி, கேட்டதற்கெல்லாம் அலுக்காமல் பதில் சொன்னார்.

மில்லின் பின்கட்டில் அவருடைய அப்பா காலத்துச் சாமான்கள் பலகையில் வரிசையாக இருக்கின்றன. தாசிங் என்னும் பழைய கோல் தராசு, இரும்பு எடைக்கற்கள், தானியம் அளக்கும் மரப்படிகள், கையால் சுற்றும் சிறிய அரைப்பான், தேய்ந்துபோன பழைய அரவைக் கற்கள், தமிழில் கணக்கெழுதிய பேரேடுகள். கண்ணாடிப் பெட்டி கிடையாது, தொடாதே என்ற அட்டையும் கிடையாது. தாசிங்கைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துக் கொத்தமல்லி நிறுக்கச் சொன்னார். பழைய எடைக் கணக்கில் பதினாறு தகில் சேர்ந்தால் ஒரு கட்டி, ஒரு கட்டி என்றால் ஏறக்குறைய 605 கிராம். கிலோவும் கிராமும் மட்டும் தெரிந்த பிள்ளைகள், கோலைத் தூக்கிப் பிடித்து, குண்டு தொங்கும் நூலை இப்படியும் அப்படியும் நகர்த்தி, கோல் சமமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். என்னைப் பொறுத்தவரை அருங்காட்சியகம் என்றால் அந்தப் பின்கட்டுதான். முன்கட்டில் மில் ஓடுவதால்தான் பின்கட்டுச் சாமான்களுக்கு அர்த்தம் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அடுத்து, கல் கொத்தும் பெரியவருக்கு. ஐயா, எங்கள் பிள்ளைகள் எழுதிய குறிப்புகளில் பாதிக்கு மேல் உங்களைப் பற்றித்தான்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். மில்லுக்குள் இரண்டு வட்டக் கற்கள் முகத்தோடு முகம் பார்த்து நிற்கின்றன. ஒன்று அசையாது, மற்றது மோட்டாரின் வேகத்தில் சுற்றும். மேலே தொட்டியில் கொட்டும் தானியம் கல்லின் நடுத் துளை வழியாக இறங்கி, சுற்றும் வேகத்தில் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, போகிற வழியில் அரைபட்டு, துணிக்குழாய் வழியே கீழே விழுகிறது. அரைக்கும் வேலையைச் செய்வது கல்லின் முகத்தில் உளியால் வெட்டியிருக்கும் பள்ளங்கள், அதாவது கொத்துகள். நடுவில் ஆழமாகவும் ஓரம் வர வர மெலிதாகவும் இருக்கும். நாள்பட்டால் அவை மழுங்கிவிடும். மழுங்கிய கல் அரைக்காது, தேய்க்கும். அப்போது மாவு சுடச்சுட வரும், மிளகாய்த்தூளின் நிறம் மங்கும், மல்லியின் வாசனை சூட்டிலேயே பறந்துவிடும்.

பெரியவர் கல்லைக் கழற்றிக் கோணிச்சாக்கின் மேல் படுக்கவைத்தார். சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தவர், அந்தக் கல் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. அடி எல்லாம் ஒரே அளவு. ஒரு மாணவி அருகில் போய், "தாத்தா, ஏன் இன்னும் ஓங்கி அடிக்கல?" என்று கேட்டாள். ஓங்கி அடித்தால் கல் சில்லு பெயர்ந்து மாவில் விழும், சாப்பிடுகிறவன் பல்லில் மாட்டும் என்றார். பிறகு அவள் விரலைப் பிடித்துக் கொத்தாத பக்கத்திலும் கொத்திய பக்கத்திலும் வைத்துக் காட்டினார். ஒன்று வழவழ, மற்றது பூனை நாக்குப் போலச் சொரசொர. கல்லை மாட்டி முதலில் ஒரு படி அரிசியை ஓட்டி, வந்த மாவை மாட்டுத் தீனிக்கென்று தனியே வைத்துவிட்டார்கள். புதிதாகக் கொத்திய கல்லின் தூசி அதில் போய்விடும். இரண்டாவது ஓட்டத்தில் பெரியவர் மாவைப் பார்க்கவில்லை, சத்தத்தைத்தான் கேட்டார். கைச்சக்கரத்தைக் கால் சுற்று திருப்பி, கற்களுக்கு இடையே உள்ள இடைவெளியைச் சரிசெய்துவிட்டுத் தலையசைத்தார். கொத்துவதற்கு முந்திய சத்தத்தையும் பிந்திய சத்தத்தையும் பிள்ளைகள் பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள். கண்காட்சியில் அதிகம் பேர் திரும்பத் திரும்பக் கேட்டது அந்த இரண்டும்தான்.

இனி, உரிமையாளரின் தாயாருக்கு. அம்மா, பருவத்தைப் பற்றி எங்கள் பாடப்புத்தகம் சொல்லாததை நீங்கள் சொன்னீர்கள். பினாங்கில் நான்கு பருவம் ஏது என்று கேட்டவர்களுக்கு உங்கள் மிளகாய்ச் சாக்குதான் பதில். ஜனவரி, பிப்ரவரி இங்கே காய்ந்த மாதங்கள். மொட்டைமாடியில் காலையில் பரப்பிய மிளகாய் மாலைக்குள் கலகலவென்று ஆகிவிடும். செப்டம்பர், அக்டோபரில் மழை விடாது. தீபாவளியோ அந்த மழை முடிவதற்குள் வந்து நிற்கிறது! ஆண்டிலேயே அதிகம் பேர் மிளகாய் அரைக்க வரும் நாட்களும், மிளகாய் காயாத நாட்களும் ஒன்றாகவே வருகின்றன. ஈரம் இருக்கும் மிளகாயைக் கல்லில் போட்டால் அது தூளாகாமல் கல்லோடு அப்பிக்கொள்ளும். ஒருவர் அவசரப்பட்டால் பின்னால் நிற்கும் அத்தனை பேர் வேலையும் கெடும். அதனால் ஒவ்வொரு டின்னையும் அம்மா திறந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புகிறார். "உதறினா விதை சலசலக்கணும், மடக்கினா படக்குனு ஒடியணும்." இரண்டும் இல்லையென்றால் இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் புரட்டித் தருகிறார், அதற்குத் தனிக்காசு வாங்குவதில்லை. எங்கள் பிள்ளைகள் இப்போது வீட்டில் மிளகாயைக் கண்டால் காதருகே உதறிப் பார்க்கிறார்கள் என்று தாய்மார்கள் சொல்கிறார்கள்.

பண்டிகைக்குப் பண்டிகை மில்லின் வாசனையே மாறுவதைப் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். தைப்பூசத்துக்கு முன் தண்ணீர்ப் பந்தல்காரர்களும் அன்னதானக் குழுக்களும் சாம்பார்ப்பொடிக்கு வரிசை கட்டினார்கள். வெள்ளி ரதம் புறப்படும் கோவில் வீடு பக்கத்தில்தான் இருக்கிறது. நோன்பு மாதத்தில் நாசி கண்டார் என்னும் சோறும் கறியும் விற்கும் கடைக்காரர்கள் சோம்பும் சீரகமும் பட்டையும் கொண்டுவந்தார்கள். அவரவர் கலவை அவரவருக்கு ரகசியம், ஆனால் மூக்குக்கு ரகசியம் ஏது? ஆடியில் அம்மன் கூழுக்காகக் கேழ்வரகு. தீபாவளிக்கு முறுக்கு மாவும், ஊறவைத்து நிழலில் உலர்த்திய அரிசியின் ஈரமாவும். அதிரசத்துக்கு அந்த ஈரமாவுதான் வேண்டும், கடை மாவில் பாகு பிடிக்காது என்று வரிசையில் நின்ற ஒரு பாட்டி எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பாடமே நடத்தினார். அந்தப் பாட்டிக்கும் நன்றி.

மில்லில் வேலைசெய்யும் இரு தம்பிகளுக்கு. தமிழ்நாட்டிலிருந்து வந்து, வீட்டைவிட்டு இத்தனை தூரத்தில், தீபாவளிக்கு முந்திய வாரம் முழுக்க முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மற்றவர்களுடைய பண்டிகைக்காக மிளகாய் அரைத்தவர்கள் நீங்கள். விடியற்காலையில் வெள்ளை மாவுகள், அப்புறம் மல்லியும் சீரகமும், கடைசியில்தான் மிளகாய், மஞ்சளுக்கு வேறு இயந்திரம் என்று அந்த ஒழுங்கு குலையாமல் பார்த்துக்கொண்டதும் நீங்கள்தான். மிளகாய் முடிந்ததும் பச்சரிசியைப் போட்டு ஓட்டிக் கல்லைத் துடைத்தீர்கள். அரைத்த தூளைத் துணியில் விரித்து ஆறவைத்துத்தான் டின்னில் அள்ளினீர்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டி விழும், பூஞ்சை பிடிக்கும் என்பதை அவசரக்காரர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னதையும் பார்த்தேன். நெடி ஏறி இருமிய பிள்ளைகளை அஞ்சடிக்கு, அதாவது கடை முன்னால் உள்ள நடைபாதைக்கு, அழைத்துவந்து தண்ணீர் கொடுத்ததை அவர்கள் மறக்கவில்லை.

வரலாற்றைச் சொல்லித்தந்த இரு பெரியவர்களுக்கு. ஒருவர் குயீன் ஸ்திரீட்டில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோவில் வாசலில் பிள்ளைகளை உட்காரவைத்து இந்தத் தெருக்களின் கதையைச் சொன்னார். பழையவர்கள் கடைத்தெரு என்று அழைத்த மார்க்கெட் ஸ்திரீட்டைச் சுற்றி இருந்த சிறு தொழில்கள் பல, வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டு பிறந்ததும் நீங்கியபோது வாடகை ஏறி வெளியேறின. 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமானது. அதற்குள் போனவை போய்விட்டன. கட்டடம் நிற்பது வேறு, அதற்குள் தொழில் நடப்பது வேறு என்று அவர் சொன்னதை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் நன்றாகவே பிடித்துக்கொண்டார்கள்.

மற்றவர் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பினாங்கின் பெருநிலப் பகுதியான எங்கள் செபராங் பிறைக் கரைக்குத் தமிழர்கள் கூட்டங்கூட்டமாக வந்ததே 19ஆம் நூற்றாண்டில் கரும்பு வெட்டவும் ஆலைகளில் கரும்பு பிழியவும்தான் என்று அவர் சொன்னபோது பிள்ளைகள் வியந்தார்கள். ரப்பர் பிறகு வந்தது. அவர்களைக் கொண்டுவந்த ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டது. ஆலையில் உழைப்பது நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கூடவே வருகிறது என்பதை அன்று நானும் புதிதாக உணர்ந்தேன். உடல்நலம் சரியில்லாத நிலையிலும் வந்து பேசினீர்கள் ஐயா, நீங்கள் நெடுநாள் நலமாக இருக்கவேண்டும்.

பெற்றோர்களுக்கும், வேன் அங்கிளுக்கும், ஃபெர்ரி ஊழியர்களுக்கும் நன்றி. பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே 2023 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய புதிய ஃபெர்ரிகளில் கார் ஏறாது. எனவே கரையில் இறங்கி லிட்டில் இந்தியா வரை வெயிலில் நடை. குடை பிடித்தும் தண்ணீர் சுமந்தும் கூடவே நடந்த அப்பாக்களையும் அம்மாக்களையும் நினைத்துக்கொள்கிறேன். கண்காட்சி அன்று, பிள்ளைகள் கண்ணெதிரே அரைபட்ட கறித்தூளில் சமைத்து எல்லாருக்கும் பரிமாறிய எங்கள் சிற்றுண்டிச்சாலை அக்காவுக்குத் தனி நன்றி.

இவ்வளவு பேரைச் சொன்னபின், பெயரோ முகமோ தெரியாத ஒரு கூட்டத்தாருக்கும் நன்றி சொல்லவேண்டும். பழைய பிஸ்கட் டின்னில் மிளகாயும் மல்லியும் நிரப்பி, மூடியில் பெயரெழுதி ஒட்டி, பேருந்திலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து அஞ்சடியில் வரிசை நிற்கும் வாடிக்கையாளர்களே, அந்த மில்லை ஓட்டுவது நீங்கள். கல்லைக் கொத்தும் கூலியும் மின்கட்டணமும் வாடகையும் உங்கள் டின்களிலிருந்துதான் வருகின்றன. பாக்கெட் தூள் எந்தக் கடையிலும் கிடைக்கும், நேரமில்லாத வீடுகளுக்கு அது உதவியும்தான். ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு டின் மிளகாயோடு நீங்கள் வருவதால்தான் எங்கள் பிள்ளைகளுக்குப் பார்க்க ஒரு மில் இருந்தது. லிட்டில் இந்தியாவுக்குப் படம் பிடிக்க வருகிறவர்களிடமும் இதையே கேட்டுக்கொள்கிறேன்: வரும்போது கால் கிலோ மல்லியாவது வாங்கி அரைத்துக்கொண்டு போங்கள்.

பிள்ளைகளின் படங்களில் ஒரு பகுதியை மில் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டோம். அரைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் பார்க்கும்படி பின்கட்டுச் சுவரில் மாட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். ஒலிப்பதிவுகள் பள்ளி நூலகத்தில் இருக்கின்றன. வேறு பள்ளிகள் கேட்டால் படியெடுத்துத் தருகிறோம். அடுத்த பொங்கலுக்கு நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் வருவதாகப் பெரியவரிடம் சொல்லிவிட்டேன், அதற்கு முன் கல் கொத்தும் நாளைத் தெரியப்படுத்துவதாக அவரும் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

நன்றியுடன்,
தமிழ்மொழிக் கழகப் பொறுப்பாசிரியை
பட்டர்வொர்த், பினாங்கு