தயிர்சாதம் எப்போது ‘ஜெனரல்’ ஆனது?

ஓப்பன் மைக் (யார் வேண்டுமானாலும் ஏறி ஜோக் சொல்லிப் பார்க்கும் மேடை) நடத்தும் சென்னை நண்பர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்களில் ஒருவருடைய மேடையில் ஐந்து நிமிடம் பேசினேன். வாடகைக்கு வீடு தேடி அலைந்த கதை. ஹவுஸ் ஓனர், “நீங்க சைவமா?” என்கிறார். “மட்டன் பிடிக்காது சார், சிக்கனும் விட்டாச்சு” என்கிறேன். “அத கேக்கல தம்பி. நீங்க சைவமா?”

அவ்வளவுதான் ஜோக். முதலில் சிரித்தது கடைசி வரிசையில் இரண்டு பேர். அவர்களும் எங்கோ ஒரு வாசற்படியில் அந்தக் கேள்விக்கு முழித்தவர்கள் என்று மேடையிலிருந்தே தெரிந்தது. முன்வரிசை, பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு நொடி கழித்துச் சிரித்தது.

இறங்கியதும் உங்களில் சிலர் தோளில் கை போட்டு, “நல்லாருந்துச்சு ப்ரோ. ஆனா சாதி மேட்டர் வேணாம், ஜெனரலா பண்ணுங்க” என்றார்கள். எனக்கு அடுத்து ஏறியவர் ஃபில்டர் காபி, தயிர்சாதம், மாவடு, அமெரிக்க மாப்பிள்ளை என்று வெளுத்து வாங்கினார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். மாமி குரல் அச்சு அசல். அவரை யாரும் ஜெனரலாகப் பண்ணச் சொல்லவில்லை.

ஸ்டாண்ட்-அப்பில் ஆள்தான் சரக்கு. வேஷம் கிடையாது, கூடப் பேச இன்னொருவர் கிடையாது. எந்த ஊர், எந்த வீடு, எந்த உடம்பு என்பதைச் சொல்லித்தான் ஆரம்பிக்க முடியும். அரவிந்த் எஸ்.ஏ. 2017இல் வெளியான தன் நிகழ்ச்சிக்கு ‘மெட்ராஸி டா’ என்று பெயர் வைத்தார். வடக்கே நம்மைக் கேலி செய்யும் சொல்லை அவரே எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார், நாம் கைதட்டினோம். மஞ்சீத் சர்க்கார், அங்குர் தங்கடே முதலான தலித் கலைஞர்களின் குழுவுக்கு ‘ப்ளூ மெட்டீரியல்’ என்று பெயர். நம் தொழிலில் ப்ளூ என்றால் ஆபாச ஜோக் (தமிழில் அதே நீலம் பச்சையாகிவிடுவது தனி வேடிக்கை). அவர்களுடையது அம்பேத்கரின் நீலம்.

ஒரு சந்தேகம். அந்த ஐந்து நிமிடமும் என் நிறத்தையும் என் இங்கிலீஷையும் நானே மட்டம் தட்டியிருந்தால், “சூப்பர் ப்ரோ, அடுத்த வாரமும் வாங்க” என்றுதானே சொல்லியிருப்பீர்கள்? ஆஸ்திரேலியாவின் ஹன்னா கேட்ஸ்பி, தன்பாலின ஈர்ப்புள்ள தன்னைத் தானே கேலி செய்து பிழைத்தது போதும் என்று மேடையிலேயே அறிவித்தார். அந்த நிகழ்ச்சி 2018இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. என் கதையில் அசடு வழிந்தது ஓனர். உறுத்தியது அதுதானோ என்னவோ.

உங்கள் பயம் புரியாமல் இல்லை. 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் ஸ்டாண்ட்-அப் கலைஞர் முனவ்வர் ஃபரூக்கியை, மத உணர்வைப் புண்படுத்தும் ஜோக் என்று சொல்லிக் கைது செய்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய் ஜாமீன் வாங்குவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. கூட இருந்தவர்களும் உள்ளே போனார்கள். இடம் கொடுக்கும் கஃபேக்காரர் யோசிக்கத்தான் செய்வார். சரி, பயமாக இருக்கிறது என்றால் அப்படியே சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம். ஜோக் மொக்கை என்றால் தாராளமாகத் தூக்குங்கள், அதற்குக் கோபப்பட மாட்டேன். ‘ஜெனரல்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள்.

அடுத்த வாரத்துக்கு ஸ்பாட் கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறேன். அதே ஹவுஸ் ஓனர்தான். இந்த முறை அவர் மனைவியும் கதவோரம் வந்து நிற்கிறார். ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். நேரம் முடியப்போகிறது என்று நான்காவதில் லைட் காட்டுங்கள்.

இப்படிக்கு,
இன்னமும் வீடு தேடும் ஒருவன்