போல்ட் விஷயமாக மச்சானுக்கு

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதமும் போட்டோவும் வந்து சேர்ந்தன. மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். என் முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. அதை விடு, உன் எஞ்சினுக்கு வருகிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் கிடக்கிற 61 நாளில்தான் உன் ஃபைபர் படகு மீனுக்கு நல்ல விலை. அந்த நேரம் பார்த்து எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டின் மூடி போல்ட் முறிந்தால் கை பரபரக்கும்தான். ஆனால் முறிந்த போல்ட்டைத் துளைத்து, உள்ளே விட்டுத் திருகி எடுக்கிற ஈஸி அவுட் வாங்கிவரச் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அதை உள்ளே விடாதே.

அது 6 எம்எம் போல்ட். முழுத் தடிமனோடு இருந்தபோதே திருகைத் தாங்காமல் போனது. அதன் நடுவில் துளை போட்டு, அதைவிட ஒல்லியான ஒன்றை விட்டுத் திருகினால் எது முதலில் ஒடியும் என்று நீயே சொல். ஈஸி அவுட் கடினமாக்கிய எஃகு. உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதன் மேல் ஏறாது, வழுக்கும். அப்புறம் மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கிற ஸ்பார்க் எரோஷன் மெஷின் இருக்கிற பட்டறையைத் தேடி அலைய வேண்டியதுதான்.

போல்ட்டைப் பிடித்திருப்பது இரும்புத் துரு இல்லை. எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட், அலுமினிய பிளாக், நடுவில் உப்புத் தண்ணீர், மூன்றும் சேர்ந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்யும். அரிபடுவது அலுமினியம். அரிப்பில் வருகிற வெள்ளைப் பொடி ஊதிப் பெருத்து மரைக்குள் அடைத்துக்கொள்ளும். எண்ணெய் மட்டும் ஊற்றினால் அது விடாது, சூடு வேண்டும். எஸ்எஸ்ஸைவிட அலுமினியம் அதிகம் விரியும், அதனால் சூட்டில் பிடி தளரும். ஆனால் கேஸ் டார்ச்சோடு ஜாக்கிரதை. அலுமினியம் சிவந்து எச்சரிக்காது, 660 டிகிரிக்குள்ளேயே சட்டென்று ஒழுகிவிடும்.

போட்டோவில் முறிந்த தண்டு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், நீட்டிக்கொண்டிருக்கிறது, நல்லவேளை. ஆர்கான் வெல்டிங் தெரிந்த ஆளைக் கூப்பிடு. அதற்குமுன் பெட்ரோல் டேங்கை அப்புறப்படுத்து, பிளக்குக்குப் பொறி கொடுக்கிற சிடிஐ யூனிட்டின் வயரைக் கழற்றிவிடு, எர்த் கிளாம்பை போல்ட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல். தண்டின் மேல் ஒரு வாஷர், அதன் மேல் நட் வைத்து, நட்டுக்குள் நிரப்பி வெல்டு வைக்க வேண்டும். அந்த எஸ்எஸ் வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது. சூடு கொஞ்சம் அடங்கியதும் ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய், உருகி மரைக்குள் இறங்கும். பிறகு ஸ்பானரால் முன்னும் பின்னுமாக, துளித் துளியாக அசை. முதல் வெல்டு பிய்ந்தால் இன்னொரு தடவை வைக்கச் சொல். ஒவ்வொரு சூட்டுக்கும் அந்தப் பொடி உடையும்.

அதற்கும் மசியாவிட்டால்தான் டிரில். தண்டை மட்டமாக அராவி, சரியாக நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, சின்ன பிட்டில் தொடங்கி 5 எம்எம் வரை போகலாம். மிச்ச மரையை, மரை வெட்டுகிற டேப் விட்டு எடுக்கலாம். துளை ஓரம் போய்விட்டால் ஹெலிகாயில் என்கிற கம்பிச்சுருள் மரை போட்டுக்கொள்ளலாம், அது ஒன்றும் அவமானமில்லை.

யாரோ படிகாரம் போட்டால் போல்ட் கரையும் என்றார்களாமே. பொய்யில்லை. வாட்ச் ரிப்பேர்காரர்கள் பித்தளையில் முறிந்த எஃகு ஸ்குரூவை அப்படித்தான் எடுப்பார்கள். ஆனால் உன்னுடையது எஸ்எஸ், அதற்கெல்லாம் கரையாது.

மூடியில் மிச்சமிருக்கிற போல்ட்டுகளைச் சூடு காட்டாமல் தொடாதே, அவையும் அதே தண்ணீரில் ஊறியவைதான். திரும்ப மாட்டும்போது மரையில் மரைன் கிரீஸ் தடவு. வருஷத்துக்கு ஒருமுறை தளர்த்தி மறுபடி தடவினால் போதும்.

அங்கே ஆர்கான் ஆள் கிடைக்கவில்லையென்றால் எஞ்சினைப் பிரிக்காமல் அப்படியே பஸ்ஸில் ஏற்றி அனுப்பு. இரண்டு பேர் தூக்குகிற எடைதானே. முந்தின நாள் போன் பண்ணு, பஸ் ஸ்டாண்டுக்குப் பையனை அனுப்புகிறேன். கூலிக்கு நெத்திலிக் கருவாடு போதும்.

அன்புடன்,
உன் பட்டறைக்காரன்